எந்த மொழிக்கு எந்த வேலை?

இரு மொழிச் சபைகளின் ஆயர்கள் கூடினால் பேச்சு கடைசியில் கடிகாரத்தில்தான் வந்து நிற்கும். வேதபாடம் இரண்டு முறை, அறிவிப்பு இரண்டு முறை, பிரசங்கம் வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்ப்பு என்று போனால், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆராதனை இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. நேரம் போவதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. எந்த நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும் சபையில் பாதிப் பேர் தங்கள் முறை வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆராதிக்க வந்தவர்களைக் காத்திருக்க வைக்கும் ஒழுங்கை, நேரத்தைச் சுருக்கி மட்டும் திருத்திவிட முடியாது.

நல்ல மொழிபெயர்ப்பாளரும் நல்ல ஒலிபெருக்கியும் பெரிய திரையும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல சபைகள் நம்புகின்றன. இந்த இதழ் வேறுவிதமாக எண்ணுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஆராதனையில் முழுதாக ஒரு பணியை ஒப்படைக்காதவரை, எவ்வளவு அழகாகப் பெயர்த்தாலும் ஒரு மொழி முன்னே நடக்கும், மற்றது பின்னால் வரும். பின்னால் மட்டுமே வரும் மொழியைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைக்குக் காரணம் இருக்காது. இதற்கு நீண்ட காலச் சாட்சியம் ஒன்று நம் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் கேலிக், ஆங்கிலம் என இரு மொழிகளில் நடந்துவந்த பிரஸ்பிட்டேரியன் ஆராதனைதான் அது.

ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் 1560இல் சட்டமாயிற்று. ஏழே ஆண்டுகளில், 1567இல், ஜான் நாக்ஸின் ஆராதனை ஒழுங்கு நூலை ஜான் கார்ஸ்வெல் கேலிக்கில் பெயர்த்து எடின்பரோவில் அச்சிட்டார். கேலிக் மொழியில் அச்சேறிய முதல் புத்தகமே அந்த ஜெபப் புத்தகம்தான். பிறகு 1647இல் ஸ்காட்லாந்து சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, வாய்விட்டுச் செய்யும் ஜெபம் மக்கள் அறிந்த மொழியில் இருக்க வேண்டும் என்றும், வேதம் ஒவ்வொரு ஜாதியாரின் பேச்சு மொழிக்கும் பெயர்க்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. கொள்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடைமுறை பின்தங்கியது. கேலிக் புதிய ஏற்பாடு 1767இல்தான் அச்சாயிற்று. முழு வேதாகமம் நிறைவேற 1801 ஆயிற்று. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இலேயே அச்சாகிவிட்டதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தாமதத்தின் அளவு விளங்கும். ஐரிஷ் வேதாகமம் ஓரளவு புழங்கினாலும், இடைப்பட்ட காலத்தில் மலைநாட்டு ஆயர்கள் பலர் ஆங்கில வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஆங்கிலத்தைப் படித்து வாயால் கேலிக்கில் சொன்னார்கள். ஒரே வசனம் ஊருக்கு ஊர், ஞாயிறுக்கு ஞாயிறு மாறியது. கேட்டவர்கள் வேதத்தைக் கேட்டார்களா, ஆயரின் அன்றைய பெயர்ப்பைக் கேட்டார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனாலும் அந்த மொழிக்கு முழு வேலை இருந்தது. பல சேகரங்களில் ஒரே ஆயர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கேலிக்கில் ஓர் ஆராதனையும் ஆங்கிலத்தில் ஓர் ஆராதனையும் நடத்தினார். இரண்டும் தனித்தனியாக முழுமையானவை. ஒன்று மற்றதன் சுருக்கம் என்று எவரும் நினைக்கவில்லை. வியாழன் தொடங்கித் திங்கள் வரை நீளும் திருவிருந்துக் காலத்தில், ஆங்கிலம் பேசுவோர் ஆலயத்துக்குள் கூட, கேலிக் பேசும் பெருங்கூட்டம் வெளியே மலைச்சரிவில் கூடியது. பல ஊர்களில் இதுதான் வழக்கம். 1813 முதல் 1849 வரை ஃபெரிண்டாஷில் ஊழியம் செய்த ஜான் மெக்டொனால்டின் காலத்தில் அங்கே ஓடைப் பள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். திருவிருந்துக் காலத்தின் வெள்ளிக்கிழமைக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் வசனத்தைச் சொல்லிக் கேள்வி எழுப்ப, பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகள் எழுந்து, மெய்யான பக்தியின் அடையாளம் எது என்று தங்கள் அனுபவத்திலிருந்து சொல்வார்கள். கேலிக் அந்த நாளில் உழவரும் மீனவரும் இறையியல் பேசும் மொழியாக இருந்தது.

சங்கீதத்தின் கதையும் இதையே காட்டுகிறது. 1645இன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனைக் கையேடு, எழுத்தறியாதவர் மிகுந்த சபையில் ஒருவர் சங்கீதத்தை வரி வரியாகப் படித்துக் கொடுக்க, சபையார் பின்தொடர்ந்து பாடலாம் என்று அனுமதித்தது. அப்போதைய வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆங்கிலம் பேசும் தாழ்நிலப் பகுதியில் எழுத்தறிவு பரவியதும் அது படிப்படியாக மறைந்தது. கேலிக் சபைகளோ அதைத் தங்கள் சொந்தக் கலையாக வளர்த்துக்கொண்டன. பாட்டெடுப்பவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபை அதே வரியை நிதானமாகப் பாடும். ஒவ்வொருவரும் தம் தொண்டைக்கேற்பச் சுரங்களை நெளித்துச் சேர்ப்பதால் ஒரே மெட்டு நூறு இழையாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும். வாத்தியம் கிடையாது, புத்தகம் கட்டாயமில்லை. லூயிஸ் தீவில் இன்றும் இதைக் கேட்கலாம். கேலிக் சங்கீதங்களில் முதல் ஐம்பது 1659இலும் முழுத் தொகுப்பு 1694இலும் அச்சாயின. பெரும்பாலும் ஆங்கிலச் சங்கீதங்களின் பொது யாப்பிலேயே அவை அமைந்ததால், இரு மொழியாரும் ஒரே மெட்டுகளைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. மெட்டு பொதுவாக இருந்தது, பாடும் முறை தனியாக இருந்தது. இரு மொழிச் சபை ஒன்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது.

அப்படியிருந்தும் கேலிக் ஆராதனை மெலிந்தது ஏன்? ஆலயத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், கடல் கடந்து போனவர்கள், கேலிக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், நகரத்து வேலைகள் எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் ஆலயத்தின் பங்கு என்று இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பள்ளி. 1709இல் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு பரப்பும் ஸ்காட்லாந்துச் சங்கம் மலைநாட்டில் நிறையப் பள்ளிகளை நடத்தியது. 1766 வரை அங்கே கேலிக்கில் வாசிக்கக் கற்பிக்க அனுமதியில்லை. பிள்ளைகள் பொருள் புரியாமலே ஆங்கில ஞானோபதேசத்தை ஒப்பித்தார்கள். இரண்டாவது, மூப்பர் மன்றம். மூப்பர்கள் கேலிக்கில் ஜெபித்தார்கள், கேலிக்கில் விவாதித்தார்கள். ஆனால் நடவடிக்கைக் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. பிரஸ்பிட்டேரியன் சபையில் ஆளுகை மூப்பர்களின் கையில் இருக்கிறது. ஆளுகையின் எழுத்து மொழி எது என்பதை, எவரும் வாய் திறந்து சொல்லாமலே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கேலிக்கின் கடைசிக் கோட்டையான மேற்குத் தீவுகளிலேயே அதைப் பேசுவோர் பாதிக்கும் கீழே இறங்கினார்கள். 2011இல் அவர்கள் 52 விழுக்காடு. ஜெபத்துக்கும் சங்கீதத்துக்கும் முழு உரிமை பெற்றிருந்த மொழி, கற்பிக்கவும் ஆளவும் உரிமை பெறாததால் பலவீனப்பட்டது. அதே சமயம் சங்கீதம் மட்டும் மற்றவற்றைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அது வேறு மொழியில் ஏற்கெனவே சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதே. அந்த வேலையைச் செய்ய வேறு மொழி அங்கே இல்லை.

நமக்கு இது அயலார் கதை அல்ல. எழும்பூரிலுள்ள ‘கிர்க்’ எனப்படும் தூய அந்திரேயா ஆலயம் 1821இல் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்களுக்காகத் திறக்கப்பட்டது. பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. அந்த ஓடை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் வந்து கலந்தது. சென்னையிலும் பெங்களூரிலும், கடல் கடந்த தமிழ்ச் சபைகளிலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து புழங்கும் ஆராதனைகளை நடத்துவோர் இந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

பிரசங்கத்தில் தொடங்குவோம். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்ப்பது பிரசங்கியின் மூச்சையும் கேட்பவரின் கவனத்தையும் சேர்த்து உடைக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழில் முழுப் பிரசங்கம், அடுத்த ஞாயிறு ஆங்கிலத்தில் முழுப் பிரசங்கம் என்று முறை வைக்கலாம். மற்ற மொழியாருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அச்சில் கொடுத்தால் போதும். கூடவே பெயர்த்தே ஆகவேண்டும் என்றால் காதுக் கருவி வழியாகச் செய்யுங்கள். கையெழுத்துப் படி வெள்ளிக்கிழமைக்குள் பெயர்ப்பாளர் கைக்குப் போகட்டும். ஞாயிறு காலையில் வசனத்தை மட்டும் சொல்லி அனுப்பினால், பழைய மலைநாட்டு ஆயர்களின் கண்பார்வைப் பெயர்ப்புக்கே திரும்பிப் போவோம்.

வேதபாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டாம். பழைய ஏற்பாடு ஒரு மொழியில், நிருபமோ சுவிசேஷமோ மற்ற மொழியில் இருக்கட்டும். இரண்டின் வாசகமும் இருமொழித் தாளில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கட்டும். பரமண்டல ஜெபத்தையும் விசுவாசப்பிரமாணத்தையும் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லலாம். எல்லாரும் மனப்பாடமாக அறிந்தவை என்பதால் குழப்பம் வராது.

பாட்டில் தமிழ்ச் சபைகளுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாமாலையும் ஞானப்பாட்டும் மேல்நாட்டு மெட்டுகளுக்கு அளந்து செய்யப்பட்டவை. ஒரு சரணம் தமிழிலும் அடுத்த சரணம் ஆங்கிலத்திலும் தடையின்றிப் பாடலாம். கீர்த்தனையை அப்படி வெட்ட முடியாது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பும் தாளமும் தமிழ்ச் சொல்லோடு பின்னிக் கிடப்பதால், அதைப் பெயர்த்தால் பாட்டும் போகும் பொருளும் போகும். எனவே ஒவ்வொரு ஆராதனையிலும் ஒரு கீர்த்தனை முழுக்கத் தமிழிலேயே இருக்கட்டும். ஒருவர் பல்லவியை எடுத்துக் கொடுக்க, சபை திரும்பப் பாடுகிற பழைய வழக்கத்தை உயிர்ப்பியுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொள்ளும். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டு வாசிக்கவைப்பதைவிட இது நல்ல வழி.

பிள்ளைகளுக்கான செய்தியைப் பல சபைகள் கேள்வியே இல்லாமல் ஆங்கிலத்துக்கு விட்டுவிடுகின்றன. இதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு. பாட்டி கேட்கும் பிரசங்கம் தமிழில், பேரன் கேட்கும் கதை ஆங்கிலத்தில் என்று ஆனால், தமிழ் முதியோரின் மொழி என்பதை ஆலயமே முத்திரை குத்திச் சொல்கிறது. ஐந்து நிமிடக் கதையை எளிய தமிழில், படத்தோடும் கேள்வியோடும் சொல்லலாம். புரியாத சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு அங்கேயே பதில் சொல்லலாம். ஓய்வுநாள் பள்ளியில் மாதம் ஒரு மனப்பாட வசனமாவது தமிழில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், கேட்பவருக்கு விளங்காத பேச்சு சபையைக் கட்டியெழுப்பாது என்கிறார். அப்படியானால் முழுப் பகுதியை ஒரே மொழியில் நடத்துவது பாதிச் சபையைப் புறம்பே நிறுத்துவதாகாதா? விளங்காத நிலையிலேயே விட்டால் நிச்சயம் ஆகும். அதனால்தான் அச்சிட்ட தாளும் காதுக் கருவியும் வேண்டும் என்கிறோம். விளங்கச் செய்வது சபையின் கடமை. அதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை உச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தலைமுறைக்கொரு ஆராதனை என்று பிரித்துவிடலாமே என்பார் சிலர். அமெரிக்காவிலுள்ள கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபைகள் பல அப்படித்தான் செய்தன: பெற்றோருக்குக் கொரிய ஆராதனை, பிள்ளைகளுக்கு ஆங்கில ஊழியம். 1990களில் அந்தப் பிள்ளைகள் ஓசையின்றிச் சபையைவிட்டு வெளியேறுவது அங்கே பெரிய விவாதமாயிற்று. பிரிப்பது சில இடங்களில் தேவையாகலாம். ஆனால் திருவிருந்து நாளிலாவது இரு கூட்டமும் ஒரே மேசையில் சேர வேண்டும் என்பதை விதியாக வைக்காமல் பிரிக்காதீர்கள்.

இறுதியாக, இது ஆயர் ஒருவரின் விருப்பத்துக்கு விடக்கூடிய காரியமல்ல. ஆயர் மாறும்போதெல்லாம் மொழி ஒழுங்கும் மாறினால் சபை எதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளாது. அடுத்த மூப்பர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். நம் ஆராதனையில் தமிழ் மட்டுமே செய்யும் வேலை எது? ஆங்கிலம் மட்டுமே செய்யும் வேலை எது? நம் பிள்ளைகள் இந்த இரண்டிலும் எதைச் செய்கிறார்கள்? பதில்களை எழுதி, ஓராண்டு நடத்திப் பார்த்து, மறுபடியும் கூடி ஆராயுங்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டை இரு மொழியிலும் எழுதுங்கள்.