எடைக்குறைவான குழந்தைக்கு எது உதவி? – நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையில்லாமல் இருக்கிறார்கள் என்று 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்திய அளவில் இது 32 விழுக்காடு. இந்தக் குழந்தைகளின் பெற்றோர் கவலைப்படாமல் இருப்பதில்லை. மாவுப் பானங்கள், பசி தூண்டும் சிரப், டானிக், மிரட்டி ஊட்டுதல் எனக் கையில் கிடைத்த எல்லாவற்றையும் முயன்று பார்க்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதித்தே இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எடைக்குறைவான குழந்தைக்கு முதலில் உயரத்தையும் எடையையும் சேர்த்து அளந்து, குறை எங்கே என்று கண்டறிய வேண்டும். அதன்பின் பருப்பு, முட்டை, எண்ணெய், நெய், பால், பயறு சேர்த்துக் கெட்டியாக்கிய வீட்டு உணவைச் சிறுசிறு அளவில் பலமுறை தர வேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்களையும் பசி தூண்டும் மருந்துகளையும் முதல் வழியாகக் கொள்ளக் கூடாது. கடுமையாக மெலிந்த குழந்தையை வீட்டில் வைத்துத் தேற்றிப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு. எடை ஏறினால் போதும் என்ற எண்ணத்தை விட்டு, குழந்தை வளர்கிறதா என்று பார்க்கத் தொடங்குவதே இதன் அடிப்படை.

அளவீடு முதலில்

‘எடைக்குறைவு’ என்ற ஒரே முடிவுக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தை மெலிந்த குழந்தை. அண்மையில் வந்த நோயோ உணவுக் குறைவோ அதன் சதையைக் கரைத்திருக்கும். வயதுக்கேற்ற உயரமே இல்லாத குழந்தை வேறு. கருவிலிருந்தே தொடர்ந்த சத்துக்குறைவும் அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கும் அதன் எலும்பு வளர்ச்சியையே தடுத்திருக்கும். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் மெலிந்த குழந்தைகள் 14.6 விழுக்காடு, உயரம் குன்றிய குழந்தைகள் 25 விழுக்காடு. உயரம் குன்றிய குழந்தை தராசில் எடை குறைவாகவே காட்டும், ஆனால் அதன் உயரத்துக்கு அந்த எடை சரியாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்குக் கொழுப்பும் சர்க்கரையுமாகக் கொடுத்தால் உயரம் கூடாது, பருமன்தான் கூடும். ஆகவே தராசு மட்டும் போதாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடையோடு உயரத்தையும் அளந்து, தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒருநாள் எடையைவிட மாதாமாதம் அந்தக் கோடு போகும் திசைதான் முக்கியம். 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எடை ஏறாமல் நின்ற குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டுக் கண்டறிந்து, அவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. அந்த அணுகுமுறை இன்றைக்கும் பொருந்தும்.

எந்த வயதில் எவ்வளவு ஏற வேண்டும் என்று தெரிந்தால் தேவையற்ற பதற்றம் குறையும். பிறந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இருமடங்காகும், ஒரு வயதில் மும்மடங்காகும். இரண்டு வயதுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ ஏறுவதே இயல்பு. முதல் பிறந்தநாள் வரை வேகமாக ஏறிய எடை அதன்பின் மெதுவாவதைக் கண்டு ‘பிள்ளை இளைத்துப்போச்சு’ என்று உறவினர் சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது இந்த இயல்பான மாற்றத்தைத்தான்.

எப்படி ஏறும் எடை நல்லது

எடை எப்படியாவது ஏறட்டும் என்ற நினைப்பு ஏன் ஆபத்து என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து அளக்கப்பட்ட 1,492 பேரை, 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன்பின் பன்னிரண்டு வயது வரை உயரத்தோடு ஒப்பிடும்போது வேகமாக எடை ஏறியவர்களாக இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனானவராக இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு ‘தேறிவிட்ட’ பிள்ளைகள். பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் நல்ல வளர்ச்சி, குறிப்பாக உயர வளர்ச்சி, பிற்காலத்தில் உயரத்தையும் கல்வியையும் கூட்டியது. இரண்டு வயதுக்குப் பின் உயரம் கூடாமல் எடை மட்டும் வேகமாக ஏறியது, பெரியவர்களான பின் உடல்பருமனைக் கூட்டியது. முதல் இரண்டாண்டில் முழு முனைப்போடு ஊட்டம் கொடுக்க வேண்டும் என்பதும், அதன்பின் உயரத்தோடு சேர்ந்து நிதானமாக எடை ஏறட்டும் என்பதும் இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

முதல் இரண்டாண்டில் பெரும்பாலான வீடுகளில் சிக்கல் உணவு இல்லாததைவிட, உணவு நீர்த்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு ஒரு வேளையில் ஏற்பது அதன் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம்தான். ஏழு கிலோ குழந்தைக்கு 210 கிராம். தாய்ப்பால் குடிக்கும் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 550 கலோரி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீர்த்த கஞ்சியில் 100 கிராமுக்கு 40 கலோரி அளவே இருக்கும். அதை மூன்று வேளை வயிறு நிறையக் குடித்தாலும் 250 கலோரியைத்தான் தொடும். குழந்தை ‘நன்றாகச் சாப்பிட்டும்’ எடை ஏறாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதே குழந்தைக்குப் பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழையப் பிசைந்த சாதம் கொடுத்தால் 100 கிராமுக்கு 120 கலோரிக்கு மேல் கிடைக்கும். ஒரு வேளைக்கு 150 கிராம் உண்டாலே மூன்று வேளையில் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ ஏறத்தாழ 40 கலோரி தரும். முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கலந்தால் கூழ் இளகும், தண்ணீர் ஊற்றாமலே கூடுதல் மாவு சேர்க்கலாம். 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆய்ந்து காட்டிய இந்த முறைக்கு வேண்டிய முளைகட்டும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

நெய்யும் மாவும் ஆற்றல் தரும். உயரம் கூடப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் வேண்டும். அதனால் பருப்பு, பயறு, அரைத்த வேர்க்கடலை, கீரை, பழம் ஆகியவற்றோடு முட்டை, மீன், இறைச்சியை ஏற்கும் வீடுகள் அவற்றை அன்றாட உணவாக்க வேண்டும் என்கிறோம். வேர்க்கடலையைச் சிறு குழந்தைக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். அரைத்தே கொடுக்க வேண்டும். ஈக்வடாரில் ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் உயரக்குறைவு பாதியளவு குறைந்தது. மலாவியில் அதே முறையைப் பின்பற்றியபோது உயரத்தில் மாற்றம் தெரியவில்லை. அங்கே பல குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுவந்தார்கள். எந்த ஒரு பொருளும் மந்திரம் இல்லை, தட்டில் இல்லாததைச் சேர்க்கும்போதுதான் பலன் வரும் என்று இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறோம்.

பானங்களும் சிரப்பும் ஏன் வேண்டாம்

மாவுப் பானங்களில் வைட்டமின்கள் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பல தூள்களின் லேபிளைப் படித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். இனித்த பாலைக் காலையில் ஒரு டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் குடிக்கும் குழந்தைக்கு இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் பசி இருப்பதில்லை. பாலே நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற உணவு குறைந்து இரத்தசோகை வரும் வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கும்போது இது சிறிய விஷயம் இல்லை. இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதை வரவேற்கிறோம். பசி தூண்ட அதிகம் தரப்படும் சிப்ரோஹெப்டடின் உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து; தூக்கத்தை வரவழைக்கும். சில நோய்களில் மருத்துவர் அதைத் தேர்ந்து கொடுப்பது வேறு. கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது, பசியின்மைக்குப் பின்னால் இருக்கும் குடற்புழு, சிறுநீர்த் தொற்று, காசநோய், இரத்தசோகை ஆகியவற்றை மறைத்துவிடும்.

எழும் மறுப்புகளுக்கு

“அப்பாவும் ஒல்லி, தாத்தாவும் ஒல்லி; இது பரம்பரை” என்பது முதல் மறுப்பு. பெற்றோரின் உயரம் குழந்தையின் உயரத்தைப் பாதிப்பது உண்மை; எனவேதான் ஒரே கோட்டில் சீராக மேலேறும் சிறிய குழந்தையைப் பார்த்துப் பதற வேண்டாம் என்கிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், இந்தியா (டெல்லி) உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவானது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த இடங்களில் அந்த ஆறு நாட்டுக் குழந்தைகளும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தார்கள். ஆகவே கோடு சரியும்போதோ மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்போதோ பரம்பரையைக் காரணம் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை.

“விடிந்ததும் வேலைக்கு ஓடும் தாய் ஐந்து வேளை ஊட்ட முடியுமா? தூள் கலக்கிக் கொடுப்பதுதானே எளிது?” என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது, இந்தச் சுமையைத் தாய் ஒருத்தியின் தலையில் வைப்பதை நாங்களும் எதிர்க்கிறோம். தந்தையும் வீட்டிலுள்ள பெரியவர்களும் அதைப் பகிர வேண்டும். மூன்று வேளை வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி பருப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் கூட்டுவதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. இடைவேளைக்கு அவித்த முட்டை, வாழைப்பழம், பொட்டுக்கடலை மாவு உருண்டை போதும். அங்கன்வாடி தரும் சத்துமாவும், அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், முட்டையோடு கூடிய மதிய உணவும் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியவை. அந்தச் சத்துமாவிலும் வெல்லம் கலந்திருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: ஆம், அதன் அளவைக் குறைத்துப் பயறையும் வேர்க்கடலையையும் கூட்ட வேண்டும் என்பது அரசிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை.

“பசியால் வாடும் நாட்டில் பருமனைப் பற்றிப் பேசுவது, ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் கொஞ்ச நெய்யையும் பறிக்காதா?” என்பது மூன்றாவது, மிகக் கனமான மறுப்பு. நாங்கள் கேட்பது குறைவான உணவை அல்ல, நிறைவான உணவை. மெலிந்த குழந்தைக்கு எண்ணெயும் நெய்யும் தாராளமாக வேண்டும் என்று இந்த அறிக்கையே சொல்கிறது. நாங்கள் எச்சரிப்பது சர்க்கரையையும் பொட்டலத் தின்பண்டங்களையும். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஏழைக் குழந்தையின் பசியைத்தான் முதலில் தின்கிறது.

“அடித்து மிரட்டி ஊட்டாவிட்டால் ஒரு வாய்கூட இறங்காது” என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். வற்புறுத்தி ஊட்டுவது அன்றைக்கு இரண்டு கவளத்தை இறக்கலாம். நாளடைவில் சாப்பாட்டு நேரத்தையே குழந்தை அஞ்சும். என்ன, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர் முடிவுசெய்யட்டும். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவுசெய்யட்டும். செல்பேசியை அணைத்து, குடும்பத்தோடு உட்காரவைத்து, பேசிக்கொண்டே பொறுமையாக ஊட்டி, தானே எடுத்துச் சாப்பிடவும் விட வேண்டும்.

வீட்டு உணவு போதாத நிலை

மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கும், இரண்டு பாதங்களிலும் வீக்கம் உள்ள குழந்தைக்கும் நாங்கள் மேலே சொன்ன எதுவும் முதல் மருத்துவம் ஆகாது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. மருத்துவர் கண்காணிப்பில் சிகிச்சை உணவு தேவை. எடை குறைந்துகொண்டே போனாலும், தொடர் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருந்தாலும், சில மாதம் சரியாக ஊட்டியும் கோடு அசையாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுப்பதும், உணவை நிறுத்தாமல் இருப்பதும், தேறும் நாள்களில் ஒரு வேளை கூட்டிக் கொடுப்பதும் இழந்த எடையை மீட்கும்.

இவற்றின் அடிப்படையில் அரசிடம் நாங்கள் கேட்பவை: ஒவ்வொரு அங்கன்வாடியிலும் பழுதில்லாத உயரமானியும் தராசும், அளவைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல ஊழியருக்கு நேரமும் இருக்க வேண்டும், முட்டை தினசரி உணவாக வேண்டும், குழந்தைகளைக் குறிவைக்கும் இனிப்புப் பானங்களின் முன்பக்கத்தில் சர்க்கரை எச்சரிக்கை அச்சாக வேண்டும். மருத்துவர்களிடம் கேட்பது: டானிக் எழுதுமுன் குழந்தையின் ஒருநாள் சாப்பாட்டைக் கேட்டு, உயரத்தை அளந்து, வரைபடத்தைப் பெற்றோரிடம் காட்டுங்கள். எங்கள் பங்குக்கு, குழந்தை உணவும் ஊட்டப் பானமும் விற்கும் எந்த நிறுவனத்திடமிருந்தும் நன்கொடை பெற மாட்டோம். எங்கள் கூட்டங்களில் எடை ஏறிய கணக்கை மட்டும் சாதனையாகச் சொல்ல மாட்டோம். உயரமும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவும் சேர்ந்து முன்னேறிய குழந்தையையே தேறிய குழந்தையாகக் கணக்கிடுவோம், அரசும் அப்படியே கணக்கிட வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்துவோம்.