உப்பு இறால்: சீசாவில் வளர்க்கலாம், கடன் வாங்கி வளர்க்கலாகாது

ஒரு சிட்டிகைத் தூளை உப்புத் தண்ணீரில் தூவினால் மறுநாளே உயிருள்ள பூச்சிகள் நீந்துகின்றன. சிறுவர்களுக்கு இது வியப்பு. பெரியவர்களுக்கோ, இதை வீட்டிலேயே வளர்த்து விற்றால் காசு பார்க்கலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிறு விவசாயிகள் இந்த ஆசைக்கு இடம் கொடுக்கும் முன்பு சில உண்மைகளைத் தெரிந்து கொள்வது நல்லது.

இந்தப் பூச்சியின் பெயர் ஆர்ட்டீமியா. நம் வழக்கில் உப்பு இறால் எனலாம். இறால் என்று பெயர் இருந்தாலும் நாம் உண்ணும் இறால் வேறு, இது வேறு. நன்கு வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். வயிற்றுப்புறத்தை மேலே வைத்து மல்லாந்து நீந்தும். நமக்கு அந்நியமானதும் அல்ல. தமிழ்நாட்டுக் கரையோர உப்பளங்களில் உப்பு ஏறிய பாத்திகளே இதன் இருப்பிடம். மீன்கள் உயிர் வாழ முடியாத அளவுக்கு உப்பு ஏறிய நீரில், தன்னைத் தின்பார் இல்லாமல் இது பெருகுகிறது.

விதை உறக்கமும் முட்டை உறக்கமும்

கொடிக்கடலை அறுவடைக்குப் பின் சில வாரம் உறங்கி, பிறகே முளைக்கும். கொத்துக்கடலைக்கு அந்த உறக்கம் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் செடியிலேயே முளைத்துவிடும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களைப் பயிரிட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பு இறாலின் முட்டையும் கொடிக்கடலையைப் போல உறங்கக் கூடியது. காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு கிராம் எடையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். உப்பு நீர், வெளிச்சம், காற்று, 28 டிகிரி அளவு வெப்பம் ஆகியவை கிடைத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஹெரால்டு வான் பிரவுன்ஹட் என்பவர் இந்த உறக்கத்தையே வியாபாரமாக்கினார். 1960-ல் 'உடனடி உயிர்' என்ற பெயரிலும், 1962 முதல் 'கடல் குரங்கு' என்ற பெயரிலும் பொட்டலம் கட்டி விற்றார். சிறுவர் படக்கதைப் புத்தகங்களில் வந்த விளம்பரங்களில் கிரீடம் சூடிய மனித முகக் குடும்பம் சிரித்துக் கொண்டிருந்தது. பொட்டலத்தை வாங்கிய பிள்ளைக்குக் கிடைத்ததோ மல்லாந்து நீந்தும் பூச்சி. பணம் சம்பாதித்தது பொட்டலத்தை விற்றவர்தான், பூச்சியை வளர்த்தவர் அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வீட்டில் வளர்க்கும் முறை

பிள்ளைகள் பார்த்துப் பழக ஒரு சீசா வளர்ப்பதில் தவறில்லை. வாயகன்ற கண்ணாடி சீசாவில் 2 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்து, 60 கிராம் கல் உப்பைக் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். சிட்டிகையிலும் குறைவான முட்டையைத் தூவி, வெளிச்சமான இடத்தில் வைக்கலாம். கடும் வெயில் ஆகாது. பொரிந்த முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு ஈஸ்ட் கரைசலைச் சொட்டுக் கணக்கில் விடலாம். மறுநாளும் தண்ணீர் கலங்கியே இருந்தால் தீனி அதிகம் என்று பொருள். தண்ணீர் வற்றினால் சாதாரணத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அடியிலேயே தங்கிவிடுகிறது என்பது உப்பளம் கண்டவர்களுக்குத் தெரியும். பக்குவமாகப் பார்த்துக் கொண்டால் இரண்டு, மூன்று வாரங்களில் முழு வளர்ச்சி அடையும்.

தொழிலாகுமா?

வீட்டுத் தொட்டியில் இது தொழிலாகாது என்பதே என் கருத்து. இதற்குக் காரணம் உண்டு. சந்தையில் நல்ல விலை போவது காய்ந்த முட்டைதான். இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் அதைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளுக்குத் தீனியாக இடுகின்றன. நம் நாட்டுப் பொரிப்பகங்கள் பெரும்பாலும் இறக்குமதி முட்டையையே நம்பியுள்ளன. ஆனால் வசதியான நீரில் வாழும் உப்பு இறால் உறங்கு முட்டை இடுவதில்லை, குஞ்சாகவே ஈனுகிறது. உப்பு மிகுந்து, காற்றுக் குறைந்து, நெருக்கடி வரும்போதுதான் உறங்கு முட்டை இடும். அதற்கு ஏற்ற இடம் உப்பளமே தவிர வீட்டுத் திண்ணை அல்ல. ஆகவே வீட்டில் வளர்ப்பவர் முட்டைக்கு மீண்டும் மீண்டும் விற்பனையாளரிடமே போக வேண்டும். விதையை விளைவிக்க முடியாத பயிரை நம்பிக் கடன் வாங்கலாமா?

2012-ல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததை மறந்துவிடலாகாது. குஞ்சும் தீனியும் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்ற வாக்கை நம்பி, நிலத்தையும் நகையையும் வைத்துப் பணம் கட்டியவர்கள் ஏராளம். பறவை பிழைத்திருந்தது, வாங்குவார்தான் இல்லை. எந்தப் புதுத் தொழிலானாலும் முன்பணம் கட்டும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விற்றவரைத் தவிர வேறு யார் இதை வாங்குவார்கள்? அலங்கார மீன் தொழில் நடக்கும் சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் உயிர்த்தீனிக்குத் தேவை உண்டு. நேரில் போய் விலையும் அளவும் விசாரித்து, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மரக்காணம் போன்ற உப்பளங்களில், உப்பு எடுக்கும் பாத்திகளோடு சேர்த்து இதை வளர்ப்பதுதான் பொருத்தம். மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் அது பயன்பட வேண்டும். அந்தக் கணக்கைத் தனி ஆள் போட முடியாது. மீன்வளத் துறையும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் உப்பு உற்பத்தியாளர்களோடு கூடிச் செய்ய வேண்டிய காரியம் இது.

கழிவு நீரில் கவனம்

லிட்டருக்கு 30 கிராம் உப்புள்ள நீர், பாசனத்துக்குத் தாங்கும் அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆயிரம் லிட்டர் தொட்டியை நிலத்தில் கவிழ்த்தால் 30 கிலோ உப்பைக் கொட்டியதாகும். கிணற்றோரமும் கடலைக் காட்டிலும் அதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. நம் உப்பளங்களின் பழைய இனத்தில் பெண் மட்டுமே உண்டு. ஆண் இல்லாமலே பெருகும். கடைப் பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் ஆணும் பெண்ணும் உள்ள அமெரிக்க இனம். அந்த அயல் இனம் இந்திய உப்பளங்களில் புகுந்து நம் இனத்தை விரட்டி வருவதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. நீர்ப்பறவை தின்றாலும் முட்டை சாகாமல் எச்சத்தோடு வெளிவந்து வேறு நீரில் பொரியும். மரக்காணம் உப்பளத்தை அடுத்துள்ள கழுவேலி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே வேண்டாத சீசா நீரைச் சில நிமிடம் கொதிக்க வைத்த பின்பே, பயிர் இல்லாத இடத்தில் கொட்ட வேண்டும். உப்பளத்திலோ ஓடையிலோ உயிரோடு விடலாகாது.

சீசாவில் ஒரு பாடம் இருக்கிறது, பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். கைமுதலை அதில் போட நினைப்பவர்கள், முன்பணம் கட்டும் முன்பு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகி ஆலோசனை பெறுவது அவசியம்.