கைப்பேசி விளம்பரத்தில் தமிழுக்கு இடமில்லையா?

சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. பள்ளியில் அது தாய்மொழிப் பாடம். நாடாளுமன்றத்தில் பேசும் உரிமை பெற்ற மொழி. ஆயின், தீபாவளியை ஒட்டித் தமிழர் கடைகள் தமிழர்தம் கைப்பேசிகளுக்கு அனுப்பும் விளம்பரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஆங்கிலத்தில் வருகின்றன. அன்றேல் ரோமன் எழுத்தில் எழுதிய தமிழாக வருகின்றன. ஏன் என்று வினவினால், "தமிழில் அனுப்பினால் கட்டணம் கூடும்" என்னும் விடையே கிடைக்கிறது. இவ்விடை எவ்வளவு உண்மை என்று ஆராய்வது தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடமையாகும்.

வணிகர் கூற்றில் உண்மை அறவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. குறுஞ்செய்தி 1980களில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட முறை. ஒரு செய்திக்கு 140 பைட் இடமே அதில் உண்டு. ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும்; ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் ஒருங்குறியில் செல்வதால் ஒரு குறியீட்டுக்கு 16 பிட் வேண்டும்; ஆகவே 70 குறியீடுகளே அடங்கும். அன்றியும், நாம் நான்கெழுத்தாக எண்ணும் 'பொங்கல்' என்னும் சொல்லைக் கணினி ஏழு குறியீடுகளாக எண்ணுகிறது. எழுபதைத் தாண்டிவிட்டால் செய்தி துண்டுபடும். துண்டு ஒவ்வொன்றிலும் 67 குறியீடுகளே நிற்கும். 160 குறியீடுகள் கொண்ட தமிழ்ச் செய்திக்கு மூன்று செய்திகளின் கட்டணம் விழும். இது மெய்.

ஆனால், 160 குறியீடுகள் எதற்கு? "தீபாவளி விற்பனை வெள்ளி முதல். பட்டுப் புடவைக்குப் பாதி விலை." இதனை எண்ணிப் பாருங்கள், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 60 குறியீடுகளே. ஒரே செய்தியில் அடங்கிவிடுகிறது. இதையே ரோமன் எழுத்தில் எழுதினாலும் ஒரே செய்திதான். கட்டணத்தில் ஒரு காசும் வேறுபாடில்லை. சுருங்கச் சொல்லுதலை ஓர் அழகாகப் போற்றிய மொழி நம்முடையது. அம்மொழிக்கு உரியவர் எழுபது இடத்துக்குள் ஒரு விற்பனைச் செய்தியை எழுத இயலாதென்பது நம்பத்தக்கதா?

இனி, செயலி வழியாக வரும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். செயலியை உருவாக்கிப் பேணுவதற்குச் செலவு உண்டு. ஆனால், ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் அறிவிப்புச் சேவைகள் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதில்லை. ஓர் அறிவிப்புக்கு ஏறத்தாழ 4,000 பைட் இடம் இருக்கிறது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு அங்கே மூன்று பைட் செலவாகிறது என்றாலும், திரையில் தோன்றும் சில வரிகளுக்கு அவ்விடம் தாராளமாகப் போதும். கட்டணத் தடை இங்கே முற்றாக நீங்கிவிட்டது. நீங்கிய பின்னராவது தமிழ் வந்ததா? செயலி வைத்திருக்கும் கடைகளும் பழைய ஆங்கிலத்தையே அனுப்புகின்றன. ஆகவே, தடையாக இருந்தது கட்டணமன்று, மனமே என்பது தெளிவாகிறது.

"அவ்வாறாயின் குறுஞ்செய்தியை விட்டுவிட்டுச் செயலிக்கே மாறிவிடலாமே" என்பார் சிலர். அதனையும் நான் ஏற்கவில்லை. செயலி அறிவிப்பைப் பெற, செயலியை இறக்கி வைத்திருக்க வேண்டும், இணையம் வேண்டும், இசைவும் தர வேண்டும். ஐபோனில் இசைவு கேட்பது முன்னரே வழக்கம். ஆண்ட்ராய்டிலும் 2022இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் அது கட்டாயமாயிற்று. எளிய கைப்பேசி வைத்திருக்கும் பாட்டியாருக்குக் குறுஞ்செய்தியே எட்டும். தமிழெழுத்தை ஆவலோடு படிப்பவரும் அவரே அல்லரோ?

குறுஞ்செய்தியின் மீது மக்கள் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வங்கியின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, சிங்கப்பூரில் ஏறத்தாழ 790 பேர் 1 கோடியே 37 இலட்சம் வெள்ளியை இழந்தனர். 2023 சனவரி இறுதி முதல், பெயரிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அப்பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். முறைப்படி பதிந்து, பெறுவோரின் இசைவோடு, தெளிந்த தமிழில் அனுப்பினால் ஐயம் குறையும். சுருக்கமும் இன்றியமையாமையும் உள்ள செய்திக்குக் குறுஞ்செய்தி. விரிவு வேண்டும் செய்திக்குச் செயலி. இதுவே அறிவுக்கு ஒத்த பகுப்பு. படிப்பவரைப் பார்த்துக் கருவியைத் தேர்க. கருவியைச் சாக்கிட்டு மொழியைக் கைவிடற்க.

ரோமன் எழுத்தில் தமிழை எழுதினால் என்ன கேடு என்று கேட்பாரும் உளர். பள்ளியும் பல்லியும் அங்கே ஒன்றாகும். மனமும் மணமும் ஒன்றாகும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை வகுப்பிலே ஆசிரியர் பாடுபட்டுக் கற்பிக்கிறார். மாலையில் மாணவன் கையிலுள்ள கருவி அவ்வேறுபாடு வேண்டியதில்லை என்று மறுபாடம் நடத்துகிறது. எப்பாடம் அவன் நெஞ்சில் நிற்கும்?

கணினித் தமிழுக்கு முன்னோடியாக நின்றது இம்மண். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். தமிழ் இணைய மாநாடு முதன்முதலில் 1997இல் கூடியது சிங்கப்பூரிலேதான். எழுத்துரு இல்லாத காலத்தில் அவர்கள் வழி தேடினார்கள். எல்லாம் கிடைத்த காலத்தில் நாம் சாக்குத் தேடுகிறோம்.

வணிகரை மட்டும் குறை கூறித் தப்பிக்க வேண்டா. நம் தமிழ் அமைப்புகளின் கூட்ட அழைப்புகளே பல வேளைகளில் ஆங்கிலத்தில் வருகின்றன. முதலில் அவை திருந்தட்டும். ஆசிரியப் பெருமக்கள், எழுபது குறியீட்டுக்குள் ஓர் அறிவிப்பு எழுதுவதை வகுப்பிலே பயிற்சியாகத் தரட்டும். மாணவச் செல்வங்கள், தம் பெற்றோர் பொருள் வாங்கும் கடைக்காரரிடம் "தமிழில் அனுப்புங்கள்" என்று கேட்கட்டும். வாங்குவோர் கேட்டால் விற்போர் தருவர், கேளாதிருந்தால் தாரார். கடைக்காரர் நம் காசைத் தமிழரிடம் பெறுகிறார். நம் எழுத்தையும் அவர் திருப்பித் தரட்டும்.