வானொலியும் தூரதர்ஷனும் யாருடைய வாய்?

2024-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி சென்னைத் தூரதர்ஷன் நிலையத்தில், கவர்னர் முன்னிலையில் நடந்த ஹிந்தி மாத நிறைவு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடத்தைக் குறிக்கும் அடியைப் பாடாது விட்டனர். பாடியவர்களின் கவனச் சிதறல் என்று கூறி நிலையத்தார் மன்னிப்பும் கேட்டனர். அது மெய்யாகவே இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதை நம்பினவர் எத்தனை பேர்?

நம்பாமைக்குக் காரணம் பழையது. அந்த நிலையம் தோன்றியதே அவசர நிலை அமலிலிருந்த 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. அந்நாளில் வானொலி சர்க்காரின் குரலையே ஒலித்தது. அந்த அநுபவத்தின் பின் அமைந்த வர்கீஸ் கமிட்டி, ஒலிபரப்பை மந்திரிகளின் பிடியினின்று விடுவிக்கும்படி 1978-ல் யோசனை கூறிற்று. பிரஸார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990-ல். அமலுக்கு வந்ததோ 1997-ல்! எதிர்க்கட்சியிலிருக்கையில் சுதந்திர வானொலி கேட்போர், அதிகாரம் கைக்கு வந்ததும் அதை மறந்துவிடுகின்றனர். இதில் கட்சிப் பேதம் ஏதுமில்லை.

சட்டமும் அரைகுறையே. அதன் 23-ம் பிரிவு மத்திய சர்க்காருக்கு உத்தரவிடும் உரிமையை வைத்திருக்கிறது; பணத்துக்கும் டில்லி கஜானாவையே எதிர்பார்க்க வேண்டும். 2017-ல் திரிபுரா முதன்மந்திரி மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையைத் திருத்தினாலன்றி ஒலிபரப்ப மறுத்ததாக அந்த ராஜ்ய சர்க்கார் முறையிட்டது. முதன்மந்திரிக்கே இக்கதியென்றால் சாமானியர் பாடு என்ன?

புயற்காலத்தில் புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஜனங்கள் வானொலியின் எச்சரிக்கையை நம்பியே பொருள்களை ஒதுக்குகின்றனர். அதே வானொலியின் அரசியற் செய்தியைச் சந்தேகிக்கின்றனர். புயலுக்குக் கட்சி கிடையாதென்பது அவர்களுக்குத் தெரியும். 23-ம் பிரிவைத் திருத்தவும், மந்திரி காரியாலயத்தின் வழியாக அன்றிப் பார்லிமெண்டே நேராகப் பணம் ஒதுக்கவும், தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேனும் மசோதா கொண்டுவருவார்களா?