கார் காப்பீடு: விலையும் வெள்ளமும்

2025 செப்டம்பர் 22 நள்ளிரவு தொடங்கி மறுநாள் விடியும் வரை கொல்கத்தாவில் கொட்டித் தீர்த்த மழையை அந்நகரம் எளிதில் மறக்காது. 24 மணி நேரத்தில் 251.4 மில்லிமீட்டர். 1986-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரே நாளில் இத்தனை மழையை கொல்கத்தா கண்டதில்லை. துர்கா பூஜைக்கு சில தினங்களே இருந்த நிலையில், பந்தல்கள் நீரில் நின்றன. மின்கசிவு பல உயிர்களைப் பறித்தது. அந்த இழப்புகளுக்கு முன்னால் நீரில் மூழ்கிய கார்களைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அன்று காலை தெற்கு கொல்கத்தாவின் குடியிருப்புகளில் இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய காரைப் பார்த்து நின்ற நடுத்தர வர்க்கத்தினருக்கு, ஆண்டுதோறும் தவறாமல் கட்டிவரும் காப்பீட்டுத் தொகையின் உண்மையான மதிப்பு என்ன என்பது அன்றுதான் தெரியத் தொடங்கியது.

வெள்ளச் சேதம் முழுமையான வாகனக் காப்பீட்டில் அடங்கும். இருக்கை, மின்கம்பி இணைப்பு, தரைவிரிப்பு ஆகியவற்றின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால், நீரில் நின்ற காரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகி இயக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. எஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேரடியாக நேர்ந்த சேதம் அல்ல, உரிமையாளரின் செயலால் தொடர்ந்து வந்த சேதம் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தாலொழிய அந்தச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். கூடுதல் பிரிவுக்கான கட்டணம் ஒப்பீட்டளவில் சிறிது. எஞ்சினைப் பழுது பார்க்கும் செலவோ பல கார்களுக்கு லட்சத்தைத் தொடும்.

சென்னைவாசிகளுக்கு இது புதிய பாடம் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல்கள்போல் அடித்துச் செல்லப்பட்டபோதும் கற்றதுதான்.

கார் காப்பீட்டை ஒப்பிட்டு வாங்குங்கள் என்று எல்லோரும் அறிவுரை கூறுகிறார்கள். எதை ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல். கார் உரிமையாளர் செலுத்தும் தொகையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு. இதன் கட்டணத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி நிர்ணயிக்க முடியாது. முன்பு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்துவந்த இக்கட்டணத்தை, 2022 முதல் அந்த ஆணையத்துடன் கலந்தாலோசித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 சி.சி.-க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. மின்சாரக் கார்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி. 'விண்டேஜ்' கார் எனப் பதிவு செய்யப்பட்ட பழம்பெரும் கார்களுக்குப் பாதிக் கட்டணம். ஆண்டுதோறும் பழைய கார்களின் அணிவகுப்பைக் கொண்டாடும் கொல்கத்தாவில் இதற்குப் பயனாளிகள் இருப்பார்கள். ஆக, இந்தப் பகுதியில் மலிவான நிறுவனம் என்று ஒன்று இல்லை. அப்படி யாரேனும் கூறினால் சந்தேகத்துக்கு இடமுண்டு.

போட்டி நிகழ்வது இரண்டாவது பகுதியான சொந்த வாகனச் சேதக் காப்பீட்டில்தான். 2006 இறுதி வரை இதற்கும் நாடு முழுவதும் ஒரே கட்டணப் பட்டியல் இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அதன் பிறகு தள்ளுபடிப் போட்டி தொடங்கி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ஒரே காருக்கு, ஒரே முகவரிக்கு, ஒரே நாளில் நான்கு நிறுவனங்கள் நான்கு தொகையைச் சொல்கின்றன. குறைந்த தொகைக்குப் பின்னால் திறமையான நிர்வாகம் இருக்கலாம். அல்லது காரின் காப்பீட்டு மதிப்பைச் சத்தமின்றிக் குறைத்துக் காட்டிய கணக்கும் இருக்கலாம்.

இந்தக் காப்பீட்டு மதிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய கட்டணப் பட்டியல் காலத்திலிருந்து தொடரும் தேய்மானக் கணக்கின்படி, ஓராண்டு கடந்த காரின் விலையில் 20 சதவீதமும், மூன்றாண்டு கடந்தால் 40 சதவீதமும், நான்காண்டு கடந்தால் 50 சதவீதமும் கழிக்கப்படும். கார் திருடு போனாலோ, பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அந்த மதிப்புதான். ரூ.5 லட்சம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் ரூ.4 லட்சத்து 20 ஆயிரம் என்று குறித்தால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும். கார் காணாமல் போகும் நாளில் ரூ.80 ஆயிரம் குறையும். இவ்வாறே உதிரிபாகங்களின் தேய்மானமும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையே தரப்படும். இன்றைய கார்களில் முன்பம்பர் முதல் விளக்குக் கூடு வரை பிளாஸ்டிக் என்பதால், தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் இடையே பணிமனை ரசீதில் பெரிய வேறுபாடு தெரியும். இவற்றைச் சமமாக வைத்துக்கொண்டு விலையைப் பார்ப்பதுதான் ஒப்பீடு.

புதிய கார் வாங்குவோர் இந்தச் சிரமத்தை மேற்கொள்வதே இல்லை. விற்பனை நிலையத்தில் நீட்டும் தாளில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு கோரித் தொடுத்த வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு அதே ஆண்டு செப்டம்பர் முதல் கட்டாயமானது. நல்ல உத்தரவு, முதலாண்டுக்குப் பின் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓடும் வாகனங்களால் அடிபட்டவர்கள் இழப்பீடின்றித் தவித்த நிலைக்கு அது ஓரளவு தீர்வு. ஆனால், சேதக் காப்பீட்டையும் அதே நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 2019 செப்டம்பர் முதல் அதைத் தனியாக, வேறு நிறுவனத்திலும் ஆண்டுதோறும் எடுக்கலாம். விற்பனை நிலையங்கள் இதை வாய்விட்டுச் சொல்வது அரிது.

இனி, இழப்பீடு வழங்கும் சேவை. இங்குதான் வாடிக்கையாளர் இருட்டில் விடப்படுகிறார். விளம்பரங்களில் 98 சதவீதம், 99 சதவீதம் என்று மின்னும் எண்கள் தீர்க்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. கேட்டதில் எவ்வளவு தரப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. ரூ.90 ஆயிரம் கேட்டவருக்கு ரூ.35 ஆயிரம் கொடுத்தாலும் அது தீர்க்கப்பட்ட கோரிக்கைதான். ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கைகளில் உள்ள இழப்பீட்டு விகிதமோ, வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு இழப்பீட்டுக்குச் சென்றது என்பதைக் காட்டுவது. அது நிறுவனத்தின் லாப நட்டத்தை அறிய உதவும். பணிமனையில் கார் எத்தனை நாள் கிடந்தது என்பதை அறிய உதவாது.

உண்மையில் பயன்படும் தகவல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தமது இணையதளத்தில் வெளியிட வேண்டிய படிவங்களில், வாகனச் சேதக் கோரிக்கைகள் எத்தனை ஒரு மாதத்துக்குள் தீர்க்கப்பட்டன, எத்தனை மூன்று மாதம், ஆறு மாதம் என இழுத்தன என்ற விவரமும், வாடிக்கையாளர் புகார்களின் கணக்கும் இடம்பெறுகின்றன. காப்பீடு வாங்கும் எவரும் அந்தப் படிவங்களைத் திறந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் ஏதோ ஒரு மூலையில் தனித்தனியே கிடக்கும் அவற்றைத் தொகுத்து ஒப்பிடுவது கணக்காளர் வேலை. அப்படியே ஒப்பிட்டாலும் கிடைப்பது தேசிய சராசரி. மும்பையில் மூன்று நாளில் காசோலை தரும் நிறுவனம், நீர் சூழ்ந்த கொல்கத்தாவில் ஒரே வாரத்தில் வந்து குவியும் கோரிக்கைகளை எப்படிக் கையாண்டது என்பதற்கு அதில் விடை இல்லை. 2020 மே மாதம் அம்பன் புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கார்களை நசுக்கியபோதும் இதே கேள்வி இருந்தது.

இந்தியப் பொதுக் காப்பீட்டின் பிறப்பிடம் கொல்கத்தா என்பதால் இது அந்நகருக்குக் கூடுதல் வேதனை. 1850-இல் டிரைட்டன் நிறுவனம் தொடங்கியது அங்குதான். சுதேசி இயக்கத்தின் வேகத்தில் 1906-இல் தோன்றிய நேஷனல் இன்ஷூரன்ஸ் இன்றும் அங்குதான் தலைமையகம் கொண்டுள்ளது. 107 நிறுவனங்கள் நாட்டுடைமையாகி 1973 முதல் நான்காகச் செயல்பட்டபோது, சென்னைக்கு யுனைடெட் இந்தியா என்றால் கொல்கத்தாவுக்கு நேஷனல். தள்ளுபடிப் போட்டியிலும், லாரி, பேருந்து போன்ற நட்டம் தரும் வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டுச் சுமையிலும் இவ்விரு நிறுவனங்களும் தளர்ந்தன. நேஷனலின் கடன் தீர்க்கும் திறன் விகிதம், விதிமுறை கோரும் 1.5 என்ற அளவுக்குக் கீழே பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. 2018 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி மூன்று பொதுத்துறை நிறுவனங்களை இணைக்கப் போவதாக அறிவித்தார். 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை அதைக் கைவிட்டு, 2019-20-இல் அளித்த ரூ.2,500 கோடி உட்பட ரூ.12,450 கோடி மூலதனம் வழங்க ஒப்புதல் அளித்தது. வரிப்பணத்தில் தாங்கி நிறுத்தப்படும் நிறுவனம் தன் சொந்த நகரில் எத்தனை நாளில் இழப்பீடு தருகிறது என்று கேட்க மக்களுக்கு இரட்டை உரிமை உண்டு.

நாடாளுமன்றம் என்ன கேட்டது? 2021 ஆகஸ்டில் பொதுக் காப்பீட்டு நாட்டுடைமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வந்தபோது, பாதுகாவலர்கள் அரண்போல் நிற்க, கூச்சலுக்கிடையே அது நிறைவேறியது. அன்றைய நிகழ்வுகளுக்காகப் பின்னர் குளிர்காலக் கூட்டத்தொடரில் 12 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 2025 டிசம்பரில் காப்பீட்டுத் துறையில் அந்நிய நேரடி முதலீட்டை நூறு சதவீதமாக்கும் சட்டத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறியது. இரண்டு முறையும் விவாதத்தின் மையம் நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்பதுதான். முக்கியமான கேள்விதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உடைமை பொதுத்துறையிடம் இருந்தாலும் அந்நியரிடம் சென்றாலும், இழப்பீடு கேட்டவர் காத்திருக்கும் நாட்களை யார் எண்ணுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆயுள், மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி.யை நீக்கக் கோரி 2024 ஆகஸ்டில் மம்தா பானர்ஜி மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சியினர் நாடாளுமன்ற வளாகத்தில் போராடினர். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர்களுக்கான அந்தக் காப்பீடுகளுக்கு வரி நீங்கியது. அன்றிரவுதான் கொல்கத்தா மூழ்கத் தொடங்கியது. கார் காப்பீட்டுக்கு 18 சதவீத வரி மாறவில்லை.

ஒழுங்குமுறை ஆணையம் வாளாவிருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜூனில் அது வெளியிட்ட சுற்றறிக்கை, கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை பெற்றுத் தர வேண்டும், அதிலிருந்து 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும், ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மேற்கு வங்கத்துக்கான அலுவலகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. அங்கு வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

விதி இருக்கிறது, அது எந்த ஊரில், எந்த நிறுவனத்தால் கடைப்பிடிக்கப்படுகிறது என்ற கணக்குதான் பொதுவெளியில் இல்லை. 24 மணி நேரம், 15 நாள், 7 நாள் என்ற மூன்று கெடுக்களும் ஒவ்வொரு கோரிக்கையிலும் நிறுவனங்களின் கணினியில் பதிவாகின்றன. பின்கோடு வாரியாகப் பிரீமியம் நிர்ணயிக்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு, நகரவாரியாக இழப்பீட்டுக் காலத்தைக் கூட்டிச் சொல்வது இயலாத காரியம் அல்ல. கேட்ட தொகை, கொடுத்த தொகை, எடுத்துக்கொண்ட நாட்கள் என்ற மூன்று எண்களை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒவ்வொரு நகருக்கும் வெளியிடச் செய்தால் போதும். எல்லா நிறுவனங்களின் காப்பீட்டையும் ஒரே இடத்தில் வாங்க ஆணையத்தின் முன்முயற்சியில் உருவாக்கப்பட்டுவரும் 'பீமா சுகம்' தளத்தின் இணையதளம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதில் விலைக்கு ஒரு வரிசை இருக்கத்தான் போகிறது. அதன் பக்கத்தில் இந்த மூன்று எண்களுக்கும் இடம் ஒதுக்கப்படுமா என்பதை நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டுப் பெற வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 2024 ஜூனில் வந்ததைப் போன்ற இன்னொரு சுற்றறிக்கை போதும். வங்கத்தில் பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கிவிடும்.