பட்டம் தரும் நாடு உரிமமும் தருமா?

நீட் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களில் உலக வரைபடம் விரிகிறது. ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று நாடுகளின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. ஆண்டுக் கட்டணம், விடுதி வசதி, இந்திய உணவு, ஆங்கில வழிக் கல்வி ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெறுகின்றன. அங்கே படித்து முடிப்பவரைத் தன் சொந்தக் குடிமக்களுக்கு மருத்துவம் பார்க்க அந்த நாடு அனுமதிக்குமா என்ற கேள்விக்கு மட்டும் விடை இருப்பதில்லை. அயல்நாட்டு மருத்துவக் கல்வி பற்றிய முடிவுகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடைமுறையிலோ, பலரும் இதை ஆறாம் ஆண்டில்தான் எதிர்கொள்கிறார்கள்.

மாணவர்கள் ஏன் வெளியே செல்கிறார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. 2025ஆம் ஆண்டில் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் தேர்வை எழுதினர். அவர்களுள் ஏறத்தாழ 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றனர். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ 1.2 லட்சத்தை ஒட்டியவை. ஓர் இடத்துக்குத் தகுதி பெற்றோர் பத்துப் பேர். அந்த இடங்களிலும் ஏறத்தாழப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில் உள்ளன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முழுப் படிப்புக்கான செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. ஆகவே, வெளிநாடு செல்பவர்களை ‘மதிப்பெண் இல்லாதவர்கள்’ என்று ஏளனம் செய்வது உண்மைக்கும் அறத்துக்கும் பொருந்தாது. அவர்களில் பலர் மதிப்பெண்ணுக்கும் பணத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் விழுந்தவர்கள்.

ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது எதிர்கொள்ளும் சட்டம் காலந்தோறும் இறுகி வந்திருக்கிறது. அயல்நாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு 2002இல் தொடங்கியது. 300 மதிப்பெண்ணுக்கு 150 பெற்றால்தான் தேர்ச்சி. 2018 முதல், வெளிநாடு செல்வதற்கே நீட் தகுதி கட்டாயமாயிற்று. 2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் மேலும் நுட்பமானவை. படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நீடிக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதே அயல்நாட்டுக் கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவர் காலத்தை முடிக்க வேண்டும். இந்தியா திரும்பி மேலும் 12 மாதங்கள் பயிற்சி பெற வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அனைத்தும் நிறைவுற வேண்டும். இவற்றோடு, பட்டம் தந்த நாட்டின் குடிமக்களுக்கு இணையாக, அந்நாட்டில் மருத்துவம் பார்ப்பதற்கான உரிமம் பெறும் தகுதியும் மாணவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்லப்பட்ட இந்த விதிதான் எல்லாவற்றிலும் ஆழமானது. ஒரு நாடு தன் மாணவர்களுக்கு ஒரு பாடத்திட்டத்தையும் அயல்நாட்டவருக்கு வேறொரு பாடத்திட்டத்தையும் வைத்திருக்கக்கூடும். உள்ளூர் மாணவர் எழுதும் உரிமத் தேர்வை எழுத அயல்நாட்டு மாணவருக்கு அனுமதியே இல்லாமல் இருக்கக்கூடும். முதுநிலைப் பயிற்சி முடித்த பிறகே தனியாக மருத்துவம் பார்க்கும் உரிமம் தரும் நாடுகளும் உண்டு. தன் ஊர் நோயாளியின் நாடியைப் பிடிக்கத் தகுதியற்றவர் என்று ஒரு நாடு கருதும் ஒருவரை, இன்னொரு நாட்டு நோயாளியிடம் அனுப்பலாமா என்ற வினா இவ்விதியின் உள்ளே இருக்கிறது. ஏற்றுமதிக்கென்றே தயாரிக்கப்பட்ட பட்டத்தை இவ்விதி ஏற்க மறுக்கிறது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் குறை காண இயலாது.

விதி சரியானது என்பதால், அதன் சுமையை விழ வைத்த இடமும் சரியானது என்றாகிவிடாது. பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே மருத்துவப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். அதற்கு முன் இளநிலை அறிவியல் பட்டம் ஒன்று வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஆண்டுகள் போதுமானவையாகத் தோன்றும். ஆனால் முன்னதை மருத்துவப் படிப்பாக ஆணையம் கணக்கில் கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் என்பது 48 மாதங்கள். இந்தச் சிறு கழித்தல் கணக்கைச் செய்திருக்க வேண்டியவர் யார்? பதினெட்டு வயது மாணவரா, தரகுக்காகச் சேர்க்கை நடத்தும் முகவரா, விதியை வகுத்த ஆணையமா?

சீனாவின் நிலையும் அத்தகையதே. 2021 நவம்பருக்குப் பின் சேர்ந்தவர்கள் சீனாவில் மருத்துவ உரிமம் பெறாவிட்டால் இந்தியத் தகுதித் தேர்வை எழுத முடியாது என்று பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் அறிவுறுத்தியது. அந்த உரிமத் தேர்வு சீன மொழியில் நடப்பது. ஆங்கில வழியில் படிக்கலாம் என்று நம்பிச் சென்றவர், மருத்துவராக வேண்டுமானால் சீன மொழியில் தேர்வெழுத வேண்டியவராகிறார்.

மொழி என்பது இங்கே தேர்வுக்கான தடை மட்டுமன்று. அது மருத்துவக் கல்வியின் உயிர்நாடி. முதலிரண்டு ஆண்டுகள் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஆங்கில நூல்களிலிருந்து கற்றுவிடலாம். மூன்றாம் ஆண்டில் மாணவர் நோயாளியின் படுக்கையருகே நிற்கிறார். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எதனால் தணிகிறது என்று கேட்டு அறிவதிலிருந்தே நோயறிதல் தொடங்குகிறது. நோயாளி ரஷ்ய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோ விடை சொல்வார். அதைப் புரிந்துகொள்ளாத மாணவர் வார்டில் ஒரு பார்வையாளர் மட்டுமே. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது. எத்தனை படுக்கைகள், ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள், நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க அனுமதி உண்டா, உள்ளூர் மாணவர்களும் அதே வார்டில் அதே பேராசிரியரிடம் கற்கிறார்களா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். ‘உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது’ என்ற விளம்பர வரிக்கு எந்தப் பொருளும் இல்லை. அவ்வமைப்பு எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின் பெயரேட்டில் இடம்பெற்றிருப்பதும் தரச் சான்று ஆகாது.

தகுதித் தேர்வின் தேர்ச்சி விகிதத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அது நான்கில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் கீழோ இருந்து வருகிறது. ‘நால்வரில் மூவர் மருத்துவராவதில்லை’ என்று இதற்குப் பொருள் கூறுவது பிழை. ஒவ்வொரு முறையும் எழுதுவோரில் பலர் முன்பே தோற்று மீண்டும் எழுதுபவர்கள். ஒருவரே பலமுறை கணக்கில் வருகிறார். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் தேர்வுக்கே வராதவர்களும் இக்கணக்கில் இல்லை. அதாவது, இந்த எண் உண்மை நிலையை ஒரு பக்கம் மிகைப்படுத்தி, மறுபக்கம் மறைக்கிறது. ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் முதல் முயற்சியில் தேறினர், எத்தனை பேர் ஒருபோதும் தேறவில்லை என்பதே மாணவருக்கு உதவும் தகவல். கல்லூரிவாரியான விவரங்களைத் தேசியத் தேர்வுகள் வாரியம் சில ஆண்டுகளுக்கு வெளியிட்டிருக்கிறது. அதை ஆண்டுதோறும், முதல் முயற்சியைத் தனியே பிரித்து வெளியிடுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது.

அங்கீகரிக்கப்பட்ட அயல்நாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் எதையும் ஆணையம் வெளியிடுவதில்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கல்லூரிகளை ஓர் இந்திய அமைப்பு ஆய்வு செய்ய இயலாது என்ற வாதம் நியாயமானது. ஆனால் உரிமம் பற்றிய கேள்வி கல்லூரியைப் பொறுத்ததன்று. நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. இந்திய மாணவர்கள் பெருமளவில் செல்லும் நாடுகள் மிகச் சிலவே. அவை ஒவ்வொன்றின் மருத்துவப் பதிவு அமைப்பிடமும், ‘இங்கே பட்டம் பெறும் அயல்நாட்டவர் உங்கள் குடிமக்களுக்கு இணையாகப் பதிவு பெற முடியுமா, எந்த நிபந்தனையின் பேரில், எந்த மொழியில்?’ என்று தூதரகம் வழியே எழுத்தில் கேட்டுப் பெறலாம். அந்த விடையை நாட்டுக்கு ஒரு பக்கமாக, மாணவர் சேர்க்கை தொடங்கும் முன் வெளியிடலாம். தனி ஒரு குடும்பத்தால் பெற இயலாத அந்த விடையை ஓர் அரசு ஒரு கடிதத்தில் பெற்றுவிடும்.

அயல்நாட்டுக் கல்வி தனிமனிதரின் தேர்வு. அதன் விளைவுக்கு அரசு எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கப்படுகிறது. நடந்தவையே இதற்கு விடை. பெருந்தொற்றுக் காலத்தில் நேரடிப் பயிற்சி பெறாமல் சீனாவில் பட்டம் பெற்றவர்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஏப்ரலில், அவர்களுக்குப் பதிவு மறுத்த முடிவைத் தன்னிச்சையானது எனச் சொல்ல முடியாது என்று கூறிய நீதிமன்றம், அவர்களுக்கென ஒரு திட்டம் வகுக்கவும் ஆணையத்தைப் பணித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய போரினால் உக்ரைனிலிருந்து பல்லாயிரம் மாணவர்கள் நாடு திரும்பினர். திரும்பியவர்களுக்கு, இந்தியக் கல்லூரி எதிலும் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுத ஒருமுறை மட்டும் வாய்ப்பளிப்பதாக நடுவண் அரசு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. விலகி நிற்பதாகச் சொன்ன அரசு, ஒவ்வொரு நெருக்கடியிலும் அவசரத் தீர்வோடு உள்ளே வர நேர்ந்தது. தொடக்கத்தில் தகவலாகத் தந்திருக்க வேண்டியதை, முடிவில் சலுகையாகத் தருவது நல்ல நிர்வாகம் ஆகாது.

அதுவரை மாணவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் எஞ்சியிருப்பது கேள்விகளின் வரிசையை மாற்றுவதே. முதலில் உரிமம், பிறகு 54 மாதங்களும் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், பிறகு மருத்துவமனையும் அதன் நோயாளிகளின் மொழியும், பிறகு அக்கல்லூரியின் பழைய மாணவர்கள் தேறிய கணக்கு. கட்டணமும் விடுதியும் உணவும் இவற்றுக்குப் பின்னரே. முதல் கேள்விக்கு அந்நாட்டுப் பதிவு அமைப்பிடமிருந்து எழுத்தில் விடை கிடைக்காத இடத்தில் முன்பணம் கட்டுவது, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மலிவான முடிவன்று.