வீடியோவையும் அளந்து போடு!

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. இணையத்தில் வீடியோ போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்று வீட்டுக்கு வீடு கேமரா இருக்கிறது. செல்போன்தான் அந்தக் கேமரா! குழந்தையின் ஆட்டம், அம்மாவின் சமையல், ஆசிரியரின் பாடம் எல்லாம் வீடியோவாக இணையத்துக்குப் போகின்றன.

போடுகிற நேரத்தில் ஒரு கேள்வி வருகிறது: "எந்த அளவில் வைப்பது?"

பலர் என்ன செய்கிறார்கள்? இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எண் பெரிதானால் படமும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறார்கள்.

இது தவறு. தேவைக்கு மேல் எண்ணைக் கூட்டினால் படம் அழகாகாது. பார்ப்பவரின் டேட்டாதான் கரையும்.

சுருக்காமல் முடியாது

"1080" என்று சொல்லப்படும் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். இப்படி ஒரு விநாடிக்கு 25 படங்கள்.

இதை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு விநாடிக்கு சுமார் 155 மெகாபைட் ஆகும். ஒரு நிமிடத்துக்கு 9 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது.

ஆகவே சுருக்குகிறார்கள். அதற்குத்தான் 'என்கோடிங்' என்று பெயர்.

எப்படிச் சுருக்குகிறார்கள்? ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசுகிறார். பலகை அசையவில்லை. சுவர் அசையவில்லை. அவற்றை விநாடிக்கு 25 தடவை எழுதுவானேன்? ஒரு தடவை எழுதினால் போதும். பிறகு கையும் வாயும் அசைவதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அருவி கொட்டுகிற காட்சியில் அப்படி முடியாது. அங்கே எல்லாம் அசைகிறது. மழை, புகை, கூட்டம் ஆகியவையும் அப்படித்தான். அதிகம் எழுத வேண்டும். குறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

எல்லாருக்கும் ஒரே சட்டையா?

ஒரு விநாடிக்கு எவ்வளவு எழுதுவது என்ற கணக்குக்கு 'பிட்ரேட்' என்று பெயர். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்.

விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால், 10 நிமிடப் பாடம் 600 மெகாபைட் ஆகும். அசைவு குறைந்த அதே பாடத்தை "720" அளவில், விநாடிக்கு 1 மெகாபிட்டில் தெளிவாகக் காட்டலாம். அப்போது 75 மெகாபைட்தான்!

மிச்சமாகும் 525 மெகாபைட் யாருடையது? பாடம் கேட்கிற மாணவனுடையது. அவன் அப்பா பணம் கட்டி வாங்கியது. ஒரு வகுப்பே அந்தப் பாடத்தைப் பார்த்தால் எவ்வளவு வீண் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அனுபவம் உள்ள பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தைப் படித்தன. அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுப் பட்டியலை வைத்திருந்தது. அதில் 1080 படத்துக்கு உச்ச அளவு விநாடிக்கு 5,800 கிலோபிட். கார்ட்டூன் படத்துக்கு அது மிக அதிகம். புள்ளி புள்ளியாகத் தூவியது போல் தெரியும் சில காட்சிகளுக்கோ அதுவும் போதவில்லை! படத்துக்குப் படம் தனி அளவு என்ற புதிய முறையை அந்த நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது.

எல்லாருக்கும் ஒரே சட்டை தைத்தால் பொருந்துமா? படமும் அப்படித்தான்.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. பிட்ரேட்டை முடிவு செய்யாமல், தரத்தை முடிவு செய்யலாம். அருவிக்கு அதிகமாகவும் பலகைக்குக் குறைவாகவும் அதுவே அளந்து கொள்ளும்.

இந்தத் தர எண் தலைகீழாக வேலை செய்யும். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 1080 படத்துக்கு 20 முதல் 24 வரை நல்ல அளவு. 720 படத்துக்கு 19 முதல் 23 வரை. எண்ணில் 6 கூட்டினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

எந்த முறையில் சுருக்குவது? 2003-ல் வந்த 'எச்.264' முறை பழைய செல்போனிலும் ஓடும். 2018-ல் வந்த 'ஏ.வி.1' இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் பழைய கருவிகள் பல அதைக் கண்டு திணறும். எல்லாரும் பார்க்க வேண்டுமானால் எச்.264-ஏ நல்லது.

சுருக்கும் வேகத்தை 'ஸ்லோ' என்று வைப்பது நலம். கம்ப்யூட்டர் கூடுதல் நேரம் வேலை செய்யும். ஆனால் அது ஒரே ஒரு தடவை. அதன் லாபம் பார்ப்பவர் எல்லாருக்கும் கிடைக்கும்.

'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் குறி போட்டால், கோப்பு முழுவதும் இறங்கும் வரை காத்திராமல் படம் ஓடத் தொடங்கும்.

720-ல் எடுத்த படத்தை 1080 ஆகப் பெரிதாக்குவது வீண். கேமரா பார்க்காததை என்கோடிங் காட்டாது. ஒலியையும் மறக்கக் கூடாது. பேச்சுக்கு 'ஏ.ஏ.சி.' முறையில் 128 கிலோபிட் போதும்.

யூடியூபுக்கு மட்டும் வேறு கணக்கு

சொந்தத் தளத்தில் போடுகிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. யூடியூப் விஷயம் வேறு. அங்கே எந்த வீடியோ போனாலும் அவர்களே மறுபடி சுருக்குகிறார்கள். பார்ப்பவரின் இணைப்புக்கு ஏற்றபடி பல அளவுகளில் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே அவர்களுக்கு நல்ல பிரதியையே கொடுக்க வேண்டும். சாதாரண வேகத்தில் எடுத்த 1080 படத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட், 720 படத்துக்கு 5 மெகாபிட் என்று யூடியூபே சொல்கிறது. பிழிந்த கரும்பையே மறுபடி பிழிந்தால் சாறு எங்கிருந்து வரும்?

மூலத்தை அழிக்காதீர்!

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. சுருக்கும்போது விட்டுப்போனது திரும்பி வராது. சுருக்கிய பிரதியை வைத்துக்கொண்டு கேமராவில் எடுத்த மூலத்தை அழித்துவிட்டால், இழந்தது இழந்ததுதான். பாட்டியின் முகத்தில் உள்ள சுருக்கங்களும், குழந்தையின் கண்ணில் தெரியும் மினுக்கும்தான் முதலில் மழுங்கும் சங்கதிகள். பத்து ஆண்டு கழித்து வீடு தேடப்போவது அவற்றைத்தான்.

மூலம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். ஊருக்குப் போகிற பிரதி அளவாக இருக்கட்டும்.

விருந்துக்கு வந்தவரின் இலையில் குவிப்பது உபசாரம் ஆகாது. அவர் பசி அறிந்து பரிமாறுவதே உபசாரம். வீடியோ போடுகிறவர் பார்ப்பவரின் டேட்டாவைத் தன் காசாக எண்ணினால் போதும். சரியான அளவு தானாகவே தெரியும்.